மலிவான டின் தக்காளியை நம்பியே வீட்டில் சமைக்கலாமா?

சமைக்கத் தெரியாதவர்கள்தான் டின் தக்காளி வாங்கி அடுக்குவார்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள், அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மை இல்லை. நீங்களும் என்னைப் போல நேரங்கெட்ட நேரத்தில் வீடு திரும்புகிறவராகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் இப்படி ஒரு பேச்சைக் கேட்க நேர்ந்திருக்காது.

நான் செவிலியர். நாளைக்குப் பகல் பணியா இரவுப் பணியா என்பது எனக்கு இன்று மாலைதான் தெரியும். ஆசையாக வாங்கிய தக்காளி, இரவுப் பணி அடுத்தடுத்து வந்தால் கூடையின் அடியில் நீர்விட்டுக் கிடக்கும். அதை எறியும்போது காசோடு சமைக்கும் எண்ணமும் போய்விடும். டின்களை வாங்கி வைக்கத் தொடங்கிய பிறகுதான், நான் இல்லாத வேளைகளிலும் பிள்ளைகளுக்கு வீட்டுச் சாப்பாடு கிடைத்தது. ஒருநாள் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் தானாகவே அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, “இந்த வீட்டில் அடுப்பு எரிவதே இல்லையா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அப்போது அடுப்பின் மேல் முக்கால் மணி நேரம் கொதித்த தக்காளிச் சாஸ் இருந்தது. அவர் வயதை நினைத்துப் பேசாமல் இருந்தேன். இங்கே பேசுகிறேன்.

டின்னுக்குப் போகும் தக்காளி செடியிலேயே பழுத்தது. பறித்ததும் தாமதமின்றித் தோலுரித்து அடைத்துவிடுகிறார்கள். தொலைதூரம் அனுப்பப்படும் தக்காளியோ பெரும்பாலும் காயாகவே பறிக்கப்பட்டு, எத்திலீன் வாயுவால் சிவக்க வைக்கப்படுகிறது. தோட்டத்தில் அன்று பறித்த பழத்தோடு டின்னை ஒப்பிடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அந்தப் பழத்தைப் பச்சையாகவே தின்ன வேண்டும், நான் பேசுவது அடுப்பில் ஏறும் தக்காளியைப் பற்றி. சூட்டில் வைட்டமின் சி குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீனை, சூடாக்கி எண்ணெயோடு சமைத்தால்தான் உடல் நன்றாக எடுத்துக்கொள்கிறது.

டின் என்றாலே ரசாயனம் என்பார்கள். பிரெஞ்சு சமையல்காரர் நிக்கோலா அப்பேர் 1810இல் பாரிசில் வெளியிட்ட முறைதான் இன்றைக்கும் அடிப்படை: காற்றுப் புகாமல் அடைத்துச் சூடாக்குவது. கெடாமல் காப்பது அந்தச் சூடுதான். சிட்ரிக் அமிலம் சேர்ப்பது, புளிப்பைக் காட்டும் பிஎச் அளவை 4.6க்குக் கீழே வைப்பதற்காக. அந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அந்தப் புளிப்பில் பொட்டுலினம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளராது. டின்னின் உட்பூச்சில் இருக்கும் பிபிஏ என்ற வேதிப்பொருளைப் பற்றிய கவலை மட்டும் நியாயமானது. ‘பிபிஏ இல்லாதது’ என்று அச்சிட்டதைத் தேடி வாங்குங்கள், அல்லது கண்ணாடிப் புட்டியில் வருவதை வாங்குங்கள்.

மலிவான டின்னில் நறுக்கிய தக்காளியை விட்டுவிட்டு முழுத் தக்காளியை எடுங்கள். துண்டுகள் உருக்குலையாமல் இருக்க நறுக்கியதில் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு சேர்க்கிறார்கள். எவ்வளவு கொதித்தாலும் அது கரையாமல் துண்டு துண்டாகவே நிற்கும். முழுத் தக்காளியிலும் சிலர் சேர்ப்பதுண்டு, பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். தக்காளி, அதன் சாறு, சிட்ரிக் அமிலம், உப்பு. இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

மலிவான டின்னில் ஒரு முரட்டுப் புளிப்பு இருக்கும். அதை நேரமும் எண்ணெயும் சரிசெய்துவிடும். அகன்ற பாத்திரத்தில் கொஞ்சம் தாராளமாகவே எண்ணெய் விட்டு வெங்காயத்தைச் சிவக்க வதக்குங்கள். ஒரு கரண்டி தக்காளி விழுது போட்டு, நிறம் கறுத்து வரும்வரை கிளறுங்கள். பிறகு டின் தக்காளியைக் கையால் பிசைந்து சாறோடு கொட்டுங்கள். சாற்றை வடித்துக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. விதையைச் சுற்றியுள்ள அந்தக் கொழகொழப்பில்தான் சுவை தரும் குளுட்டமேட் அதிகம். மூடாமல், எண்ணெய் பிரியும்வரை கொதிக்கட்டும். வற்ற வற்ற உப்பு ஏறும் என்பதால் உப்பைக் கடைசியில் போடுங்கள். அப்போதும் புளித்தால் ஒரு சிட்டிகை சமையல் சோடா. அதற்கு மேல் போட்டால் சோப்பு வாடை வந்துவிடும்.

அவ்வளவு நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். சரியான கேள்வி, ஆனால் அதைச் சமைப்பவரிடம் கேட்பது சரியில்லை. பணிப்பட்டியலை முதல் நாள் மாலை ஒட்டுகிறவர்களிடம் கேட்க வேண்டும். ஒரு வாரம் முன்னால் சொன்னால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்கு வருகிறேன் என்று நான் உறுதியாகச் சொல்லிப் பல காலம் ஆகிறது. விடுப்பு கேட்டால் நோயாளிகளின் மேல் அக்கறை இல்லை என்கிறார்கள். இரவெல்லாம் அந்த நோயாளிகளின் பக்கத்தில் நிற்பவள் நான்தான்.

சரி, தக்காளிக்கு வருகிறேன். விடுமுறை நாளில் மூன்று நான்கு டின்களை ஒன்றாகக் கொதிக்கவைத்து, ஒருவேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து உறைய வைத்துவிடுங்கள். உலர்ந்த பயறோடு சேர்ப்பதானால் பயறு முழுதாக வெந்த பிறகே தக்காளியைப் போடுங்கள். புளிப்பு பட்டால் பயறு வேகத் தாமதமாகும். பூச்சில்லாத இரும்பு, அலுமினியப் பாத்திரங்களில் நெடுநேரம் கொதிக்கவிடாதீர்கள்.

தக்காளி போன்ற புளிப்புள்ள டின் உணவு 12 முதல் 18 மாதம் வரை தரம் குன்றாமல் இருக்கும். புதிதாக வாங்கியதைப் பின்னால் வைத்துப் பழையதை முன்னால் இழுத்துவிடுங்கள். திறந்த டின்னை அப்படியே குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றினால் ஐந்து நாள் தாங்கும். புடைத்த டின், கசியும் டின், திறக்கும்போது பீய்ச்சி அடிக்கும் டின் எதுவானாலும் சுவைத்துப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.