பெல்லட் ஸ்டவ்: எதை மாற்றுவது, எதைச் சுத்தம் செய்தாலே போதும்?

கனடாவிலும் அமெரிக்காவிலும் பழைய பெல்லட் ஸ்டவ் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகளை எரித்து வீட்டைச் சூடாக்கும் அடுப்பு) வைத்திருப்பவர்களின் கேள்விகளும் பதில்களும். எந்த வேலைக்கும் முன்னால் பிளக்கைக் கழற்றி, ஸ்டவ் முழுக்க ஆறியிருப்பதைக் கையால் தொட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி (ஒஷாவா): அண்ணை, வீடு வாங்கினபோது கூடவே வந்த ஸ்டவ். பத்துப் பன்னிரண்டு வருசப் பழசு. சுடர் சோம்பலாக, செம்மஞ்சளாக எரியுது. கண்ணாடி ஒரு நாளிலேயே கறுத்துப்போகுது. முதலில் எந்தப் பாகத்தை ஓடர் பண்ணலாம்?

பதில்: ஒன்றையும் ஓடர் செய்யாதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் காற்றுக் குறைவைத்தான் காட்டுகின்றன. பெல்லட் ஸ்டவ்வில் பின்பக்கமுள்ள கம்பஷன் ப்ளோவர் புகையை வெளியே இழுக்கிறது. அந்த இழுப்பால்தான் பர்ன் பாட்டின் (பெல்லட் எரியும் கிண்ணம்) துளைகள் வழியே புதுக்காற்று உள்ளே வருகிறது. வழியில் எங்கே சாம்பல் அடைத்தாலும், எங்கே கதவு கசிந்தாலும் பலன் ஒன்றே: தீ மூச்சுத்திணறும்.

தீ எரியும் அறையின் பின்சுவர்த் தகடுகளைக் கழற்றுங்கள். பல மாடல்களில் இரண்டு திருகுகள்தான். அதற்குப் பின்னால்தான் மாவு போன்ற சாம்பல் குவிந்திருக்கும், கதவைத் திறந்து வாக்கும் கிளீனர் பிடிப்பவர்கள் தொடாத இடம் அது. பிறகு வெளிச்சுவர்க் குழாயின் வாயில் மின்சார இலை ஊதியின் உறிஞ்சும் பக்கத்தைப் பொருத்தி ஓடவிட்டு, உள்சுவர்களை ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். கடைசியாக எரித்து ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும். கங்கு ஒன்று ஒளிந்திருந்தால் ஊதியே பற்றிக்கொள்ளும். சாம்பல் மேகமாக வெளியேறும், அடுத்த வீட்டுக் கார் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழாயின் T வடிவ இணைப்பின் மூடியையும் திறந்து கொட்டிவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் சுடர் சோம்பினால் அடுத்த சந்தேகம் கதவு காஸ்கெட், அதாவது கதவைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் கயிறு.

கேள்வி: காஸ்கெட் தேய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? எந்தக் கயிறு வாங்க வேண்டும்?

பதில்: ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் பல இடங்களில் இதைச் செய்ய வேண்டும். இறுக்கமாக உரசிக்கொண்டு வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் கசிகிறது. தாழ்ப்பாளை இறுக்க வழியிருந்தால் முதலில் அதை இறுக்கிப் பாருங்கள்.

அளவுக்கு உங்கள் மாடலின் கையேட்டைத்தான் நம்ப வேண்டும். பழைய கயிறு நசுங்கியிருக்கும், அதை அளந்து வாங்கினால் மெல்லியதுதான் கிடைக்கும். பள்ளத்தில் உள்ள பழைய பசையைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்தெடுங்கள். காஸ்கெட் சிமென்ட்டை மெல்லிய கோடாக இட்டு, கயிற்றை இழுக்காமல் படுக்க வையுங்கள். பலர் தவறுவது இங்கேதான். இழுத்து ஒட்டினால் கயிறு மெலிந்துவிடும், சூடேறியதும் இணைப்பும் பிரிந்துகொள்ளும். கதவை மூடி ஒரு நாள் விட்டுவிட்டுத்தான் தீ மூட்ட வேண்டும். ஹாப்பர் (பெல்லட் கொட்டும் பெட்டி) மூடிக்கும் காஸ்கெட் உண்டு, அதை யாரும் நினைப்பதில்லை.

கேள்வி (மெயின் மாநிலம்): சார், நன்றாகப் பற்றுகிறது, பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாக அணைகிறது. வாக்கும் ஸ்விட்ச் போய்விட்டது என்றார் கடைக்காரர். இரண்டு கம்பிகளையும் சேர்த்துவிட்டால் ஓடுகிறது. அப்படியானால் ஸ்விட்ச்தானே பழுது?

பதில்: அவசியமில்லை. வாக்கும் ஸ்விட்ச் இழுப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. இழுப்பே குறைந்திருந்தால் நல்ல ஸ்விட்ச்சும் திறந்துதான் இருக்கும். அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். நீங்கள் கம்பிகளைச் சேர்த்தது காவல்காரனைக் கட்டிப்போட்டதற்குச் சமம்.

முதலில் ரப்பர் குழாயை ஸ்விட்ச்சிலிருந்து கழற்றி, ஸ்டவ் பக்கமாக ஊதிச் சாம்பலை வெளியேற்றுங்கள். ஸ்விட்ச்சுக்குள் ஊதிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும். வெடித்த குழாயென்றால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள்.

கம்பிகளைப் பழையபடி மாட்டி, இதையெல்லாம் செய்த பிறகும் அதே நேரத்தில் அணைந்தால் என் சந்தேகம் வேறு. புகைவழியில் ஒரு ஸ்னாப் டிஸ்க் (வெப்பத்தால் இயங்கும் சிறு ஸ்விட்ச்) இருக்கும். பல மாடல்களில் 110 முதல் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டில் மூடிக்கொள்ளும். தீ பிடித்துவிட்டது என்று போர்டுக்கு (ஸ்டவ்வை இயக்கும் மின்பலகை) சொல்வது அதுதான். தொடக்க நேரம் முடிவதற்குள் அது மூடவில்லையென்றால் போர்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ப்ளோவர் கூட்டின்மீது சாம்பல் படிந்திருந்தால் டிஸ்க்குக்கு வெப்பம் போய்ச் சேராது. சுத்தம் செய்து, டிஸ்க்கின் திருகை இறுக்கி, சூடேறும்போது மல்டிமீட்டரில் தொடர்ச்சி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மாற்றுங்கள், விலை அதிகமில்லை. ஹாப்பர் பக்கம் இருக்கும் உயர்வெப்ப டிஸ்க்கின் கம்பிகளை மட்டும் சோதனைக்குக்கூடச் சேர்த்துவைத்து எரிக்காதீர்கள். தீ பின்னோக்கி ஏறாமல் தடுப்பது அது.

கேள்வி: இக்னைட்டர் சிவப்பதில்லை, ஃப்யூஸ் அடிக்கடி போகிறது. செராமிக் இக்னைட்டருக்கு மாறலாமா?

பதில்: இக்னைட்டரின் (சூடேறித் தீ மூட்டும் பாகம்) இணைப்பைக் கழற்றிவிட்டு, கையால் தீமூட்டும் ஜெல் ஊற்றிப் பற்றவையுங்கள். ஃப்யூஸ் போகாமல் நின்றால் குற்றவாளி இக்னைட்டர்தான். ஓம் கணக்கு எளிது: 120 வோல்ட், 300 வாட் என்றால் ஏறத்தாழ 48 ஓம் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது. முனைக்கும் உலோக உறைக்கும் இடையே தொடர்ச்சி வந்தால் ஷார்ட்.

செராமிக் வகை விரைவாகப் பற்றவைக்கும். ஆனால் விட்டம், நீளம், வாட் மூன்றும் பொருந்த வேண்டும். வாட் கூடினால் போர்டில் உள்ள ரிலே அல்லது ட்ரையாக் தாங்காது. தட்டினால் உடையும், அதனால் திருகை அளவுக்கு மீறி இறுக்காதீர்கள். எந்த வகையானாலும் இக்னைட்டர் குழலைச் சுற்றிக் காற்று ஓட வேண்டும். அங்கே சாம்பல் அடைத்தால் தன் வெப்பத்திலேயே தான் கருகும். காரணத்தை விட்டுவிட்டுப் பாகத்தை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழிதான் போகும்.

கேள்வி (வெர்மான்ட்): ப்ளோவர் ஊளையிடுகிறது. எண்ணெய் விடலாமா, முழுதாக மாற்றுவதா?

பதில்: இரண்டு ப்ளோவர்களில் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அறைக்குச் சூடான காற்றைத் தள்ளும் கன்வெக்ஷன் ப்ளோவர் ஸ்டவ் சூடேறிய பிறகுதான் ஓடும். எனவே தொடங்கியவுடனே ஊளை என்றால் அது கம்பஷன் ப்ளோவர்.

அதைக் கழற்றி விசிறியைக் கையால் சுழற்றுங்கள். தடையில்லாமல் சில நொடிகள் சுழல வேண்டும், தண்டு பக்கவாட்டில் ஆடக் கூடாது. சில சமயம் இறக்கைகளில் படிந்த கரிதான் சமநிலையைக் கெடுத்திருக்கும், அதைச் சுரண்டினாலே சத்தம் நிற்கும். எண்ணெய்த் துளை இருந்தால் சோப்புச் சேர்மானம் இல்லாத 20 எண் மோட்டார் எண்ணெய் சில சொட்டு போதும். துருநீக்கி ஸ்ப்ரே வேண்டாம், உள்ள கிரீஸையும் கழுவிவிடும்.

பேரிங் போயிருந்தால் அதன் பக்கவாட்டில் பொறித்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் மூடி வேண்டாம், உலோக மூடியும் சி3 இடைவெளியும் உள்ளதைக் கேளுங்கள். வெப்பத்தில் அதுதான் நிற்கும். விசிறியின் நட் சில மோட்டார்களில் இடதுபுரி, முரண்டு பிடித்தால் எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள். திரும்பப் பொருத்தும்போது ப்ளோவர் காஸ்கெட்டைப் புதிதாகவே போடுங்கள். அந்த இடம் கசிந்தால் புகை வீட்டுக்குள் வரும். அருகில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் ஸ்டவ்வைத் தொடுவதற்கு முன்னால் அதை வாங்குங்கள்.

கேள்வி: ஆகர் மோட்டாரை மலிவானதாக மாற்றினேன். இப்போது பெல்லட் குவிந்து வழிகிறது.

பதில்: ஆகர் என்பது பெல்லட்டைத் தள்ளிவிடும் திருகுத் தண்டு. அதன் பழைய மோட்டாரின் தகட்டில் உள்ள ஆர்.பி.எம்.ஐப் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பாருங்கள். 1 ஆர்.பி.எம். இருந்த இடத்தில் 2 வந்தால் போர்டு அதே நொடிகளுக்கு மோட்டாரை ஓட்டும், எரிபொருள் மட்டும் இரட்டிப்பாக விழும். சுழலும் திசையும் முக்கியம், தண்டின் முனையிலிருந்து பார்த்து ஒப்பிடுங்கள். உடனே திருப்பி அனுப்புங்கள், காற்றைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

கேள்வி: பர்ன் பாட்டின் துளைகள் அடைத்துக்கொண்டே இருக்கின்றன. பெரிதாகத் துளைத்துவிடலாமா?

பதில்: கூடாது. துளைகளின் எண்ணிக்கையும் விட்டமும் கணக்கிட்டு வைத்தவை. பெரிதாக்கினால் காற்று வேகமிழக்கும், கங்கும் கீழே விழும். சரியான அளவு டிரில் பிட்டைக் கையில் பிடித்துத் திருப்பிச் சுத்தம் செய்தால் போதும். கண்ணாடிபோல் கட்டி கட்டியாக வருகிறதென்றால் பெல்லட்டில் மண் கலந்திருக்கிறது அல்லது காற்று குறைவு. சாம்பல் 1 சதவீதத்துக்கு மிகாத பிரீமியம் ரகத்துக்கு மாறிப் பாருங்கள். பாட் வளைந்தோ ஓட்டையாகியோ இருந்தால் மட்டும் மாற்றுங்கள். துருப்பிடிக்காத எஃகில் 304ஐவிட 310 ரகம் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும், காசும் கூடுதல்.

கேள்வி: உடைந்த கண்ணாடிக்குப் பதில் டெம்பர்டு கண்ணாடி போடலாமா?

பதில்: போடாதீர்கள். செராமிக் கண்ணாடி மட்டும்தான்.

கேள்வி (நோவா ஸ்கோஷியா): புயலில் கரண்ட் போனால் ஸ்டவ்வும் நின்று, வீட்டுக்குள் புகை வருகிறது. என்ன பேக்கப் வைக்கலாம்?

பதில்: சுத்த சைன் அலை இன்வெர்ட்டர் வாங்குங்கள். போலி சைன் அலையில் மோட்டார்கள் உறுமும், சூடேறும். ஓடும்போது ஏறத்தாழ 100 வாட் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினால் ஐந்து மணி நேரம் வரும். இக்னைட்டர் கூடவே சில நூறு வாட் கேட்கும், ஆகவே பேட்டரியில் ஓடும்போது அணையவிட்டு மறுபடி பற்றவைக்காமல் குறைந்த அளவில் எரியவிடுங்கள்.