கேளுங்க, சொல்றேன்: அப்பா வராத ராஜ கல்யாணம்

நெதர்லாந்து ராணி மேக்சிமா ராஜ வம்சமே இல்லையாமே, பேங்க்ல வேலை பார்த்தவங்களாமே, நெஜமாக்கா?
வாசகி, பாலக்கோடு

நெஜம்தான் கண்ணு. வசதியான குடும்பம், ஆனா ராஜ வம்சம் இல்ல. 1971-ல அர்ஜென்டினாவுல புவனஸ் அயர்ஸ்ல பொறந்து, அங்கயே எகனாமிக்ஸ் படிச்சுட்டு நியூயார்க் போய் பேங்க் வேலையில இருந்தாங்க. 1999-ல ஸ்பெயின்ல செவில் ஊர் திருவிழாவுல இப்ப நெதர்லாந்து ராஜாவா இருக்கிற வில்லெம் அலெக்சாண்டரைப் பார்த்தப்ப அவர் வெறும் அலெக்சாண்டர்னு மட்டும்தான் சொன்னாராம், அப்புறம் இளவரசர்னு சொன்னதும் இவங்க நம்பவே இல்லையாம்.

அவங்க அப்பாவையே கல்யாணத்துக்கு வர விடலன்னு படிச்சேன். பெத்தவரைத் தள்ளி வெச்சுட்டு என்னக்கா கல்யாணம்?
வாசகி, காவேரிப்பட்டணம்

அப்பா இல்லாம மணமேடையில உக்கார்றதுன்னா நம்ம பக்கம் நெனச்சுக்கூட பார்க்க மாட்டாங்க, அதனால உங்க கோவம் எனக்குப் புரியுது. ஆனா விஷயம் பெருசு. அவங்க அப்பா ஹோர்ஹே சொர்ரேகியேட்டா, அர்ஜென்டினாவுல ராணுவ ஆட்சி நடந்தப்ப விவசாயத் துறையில பெரிய பொறுப்புல இருந்தவர். அந்த ஆட்சியில ஆளுங்களைத் தூக்கிட்டுப் போவாங்க, திரும்பி வரவே மாட்டாங்க, அப்படிக் காணாமப் போனவங்க 30,000 பேர்னு மனித உரிமை அமைப்புங்க சொல்லுது. டச்சு அரசாங்கம், அதாவது நெதர்லாந்து அரசாங்கம், ஒரு வரலாற்றுப் பேராசிரியரை வெச்சு விசாரிச்சுது, கொலையில அவருக்கு நேரடி பங்கு இல்ல, ஆனா நடந்தது ஒண்ணும் தெரியாதுன்னு சொல்ல முடியாதுன்னு பேராசிரியர் எழுதிக் குடுத்தார். அங்க பட்டத்து இளவரசர் கல்யாணத்துக்கு பார்லிமென்ட் சம்மதம் வேணும், அதனால அப்பா வர்றதில்லன்னு முடிவாச்சு, அவர் வரலன்னதும் அம்மாவும் வரல.

2002 பிப்ரவரி 2, ஆம்ஸ்டர்டாம் நியூவெ கெர்க் சர்ச்ல கல்யாணம். பாண்டோனியன்னு ஒரு பெட்டி, சுருக்கி விரிச்சு வாசிப்பாங்க, டாங்கோ இசையோட உசுரே அதுதான். அதுல ‘அதியோஸ் நோனினோ’ வாசிச்சாங்க, பியாசொல்லாங்கிற இசைக்கலைஞர் தன்னோட அப்பா செத்தப்ப போட்ட பாட்டு அது. மணப்பொண்ணுக்குக் கண்ணுல தண்ணி வழிய ஆரம்பிச்சுது, தொடைக்கத் தொடைக்க நிக்கல, ஊரே டிவியில பார்த்துட்டு இருந்துச்சு. அழுதாங்க, ஆனா எந்திரிச்சுப் போகல. டச்சு ஜனங்க மனசுல அவங்க அன்னைக்குத்தான் உக்காந்தாங்கன்னு நான் நெனைக்கிறேன், அதுக்கு முன்னாடியே நிச்சயம் அறிவிச்ச அன்னைக்கு டச்சு பாஷையிலயே பேசி பாதி ஜெயிச்சுட்டாங்கங்கிறது வேற.

நியாயமான்னு கேட்டீங்க. நியாயம்தான்மா. அந்த ஆட்சியால அப்பாவைப் பறிகொடுத்த பொண்ணுங்களும் அர்ஜென்டினாவுல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, அவங்க அப்பா எங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. மேக்சிமா அப்பாவை விட்டுடல, பேத்தி ஞானஸ்நானத்துக்கு அவர் வந்தார். 2013-ல மருமகன் ராஜாவா பதவி ஏத்தப்ப மட்டும் திரும்பவும் வரல. 2017-ல அவர் செத்துட்டார்.

ராணிக்கெல்லாம் என்னக்கா வேலை இருக்கப் போவுது, எங்க குழுவுல இதான் பேச்சு.
மகளிர் குழு உறுப்பினர், அரூர்

உங்க வேலைதான் அவங்க வேலையும். 2009-லேர்ந்து 2024 வரைக்கும் ஐ.நா. சார்பா ஏழை ஜனங்களுக்கு, முக்கியமா பொம்பளைங்களுக்கு, பேங்க் கணக்கு, சின்னக் கடன், இன்சூரன்ஸ் கெடைக்கணும்னு நாடு நாடா போய் பேசினாங்க. இதுல நம்ம ஊருக்குப் பெருமை இருக்கு, 1989-லயே தமிழ்நாட்டுல அரசாங்கம் மகளிர் குழு ஆரம்பிச்சது தருமபுரி மாவட்டத்துலதான், அப்ப கிருஷ்ணகிரியும் இதுலதான் இருந்துச்சு. இப்ப அவங்க பேசுறது அடுத்த கட்டம்: கணக்கு இருந்தா மட்டும் போதாது, திடீர்னு ஆஸ்பத்திரி செலவு வந்தா கந்துவட்டிக்குப் போகாம சமாளிக்க கையில ஏதாவது இருக்கணும். உங்க குழுவுல அப்படி அவசரத்துக்குன்னு தனியா காசு எடுத்து வெக்கிறீங்களா, எவ்ளோ, யாருக்கு எப்படிக் குடுக்கிறீங்கன்னு எழுதிப் போடுங்க, அடுத்த இதழ்ல போடுறேன்.