கொவிட் காலத்துக் கேள்வி – பதில்: ஒரே பிழையுடன் வந்த ஒப்படைகள்

கேள்வி: ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் தரம் 10க்குக் கணிதம் கற்பிக்கிறேன். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டது முதல் வட்ஸ்அப் குழுவில் பயிற்சிகளை அனுப்பி, விடைகளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி வருகிறேன். சென்ற வாரம் வந்த ஒப்படைகளில் பெரும்பாலானவை ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டவை. சமன்பாட்டின் மறுபக்கத்துக்கு எண்ணைக் கொண்டு செல்லும்போது குறியை மாற்ற மறந்த பிழைகூட எல்லாவற்றிலும் அதே வரியில் இருக்கிறது. அனைவருக்கும் பூச்சியம் போடலாமா?
– ஓர் ஆசிரியை, ஹட்டன்

பதில்: பூச்சியம் போட வேண்டாம், கண்டும் காணாததுபோல் விட்டுவிடவும் வேண்டாம்.

உங்கள் ஒப்படைக்கு நேரம் குறித்திருக்கிறீர்களா? காலையில் நீங்கள் அனுப்பும் பயிற்சி, வேலைக்குப் போன தகப்பனுடைய கைபேசியில்தான் போய்ச் சேர்கிறது. அவர் மாலையில் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்பி, பிள்ளை அதைக் கையில் வாங்கி, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி, படத்தைத் திறந்து பார்க்கும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. அதே கைபேசிக்குத் தம்பியும் காத்திருக்கிறான். இரவு எட்டு மணிக்குள் விடை வர வேண்டுமென்றால், அந்தப் பிள்ளைக்குக் கணக்கைச் செய்ய நேரமில்லை, பார்த்து எழுத மட்டுமே நேரமிருக்கிறது. ஆகவே முதலில் காலக்கெடுவை ஒரு வாரமாக்குங்கள். தாமதமாக வந்தாலும் சொந்தமாகச் செய்யப்பட்ட விடைக்குப் புள்ளியைக் குறைக்காதீர்கள்.

ஆனால் வறுமையைக் காரணம் காட்டி நேர்மையின் அளவைத் தளர்த்துவதை நான் ஏற்கமாட்டேன். தோட்டத்துப் பிள்ளைகள்தானே என்று விட்டுக்கொடுப்பது இரக்கம்போலத் தோன்றினாலும், அவர்களால் முடியாது என்று நாமே முடிவு செய்துவிடுவதாகவே அது அமையும். 2020 டிசம்பரில் நடக்க வேண்டிய க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சுக்குப் பிற்போடப்பட்டபோதும், மாணவர்கள் மண்டபத்தில் அமர்ந்து தம் கையாலேயே எழுதினார்கள். அடுத்து உங்கள் மாணவர்களின் முறை வரும். அங்கே பார்த்து எழுதினால் அது 1968ஆம் ஆண்டின் பரீட்சைச் சட்டத்தின்படி குற்றமாகும்.

அந்த ஒரே பிழையையே பாடமாக்குங்கள். எவருடைய பெயரையும் சொல்லாமல் அந்த வரியைக் குழுவில் போட்டு, இதில் என்ன தவறு என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் அரை நிமிடக் குரல் பதிவில் தம் சொந்த வார்த்தைகளில் காரணத்தைச் சொல்லட்டும். குரல் பதிவுக்கு டேட்டாவும் அதிகம் செலவாகாது. அடுத்த பயிற்சியில் எண்களை ஒவ்வொரு மாணவருக்கும் சற்று மாற்றிக் கொடுங்கள். அவரவருடைய வரவு இலக்கத்தையே கணக்கில் ஓர் எண்ணாக வைத்தால் உங்களுக்கும் வேலை கூடாது. கைபேசியே இல்லாத பிள்ளைகளுக்குத் தாளில் எழுதி, அயல்வீட்டு மாணவர் மூலம் கொடுத்தனுப்புங்கள். அவர்களை வராதவர்கள் என்று பதிவு செய்துவிடாதீர்கள்.

கேள்வி: கணக்குகளை நானே செய்து அனுப்புகிறேன். நண்பிகள் என் கொப்பியைப் படமெடுத்துத் தரச் சொல்கிறார்கள். மறுத்தால் பேசுவதில்லை. என்ன செய்வது?
– மாணவி, பண்டாரவளை

பதில்: மகளே, உங்கள் கோபம் நியாயமானது. நண்பிகள் உங்களிடம் கேட்பது விடையை என்றாலும், அவர்களிடம் இல்லாதது விளக்கம். இணையவழி வகுப்பு பாதியில் அறுந்து போனபோது ஆசிரியர் சொன்ன படி எது என்று தெரியாமலே பலர் கொப்பி கேட்கிறார்கள். எனவே முதல் இரண்டு படிகளை எழுதிக் கொடுத்து, மிகுதியை அவர்களையே செய்யச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே மறுபடி விளக்குங்கள். அதற்கும் இணங்காமல் முழு விடைதான் வேண்டுமென்று நிற்பவரிடம், தர முடியாதென்று ஒரு தடவை அமைதியாகச் சொல்லிவிடுங்கள். காரணங்களை அடுக்க வேண்டியதில்லை. தொல்லை தொடர்ந்தால், எவரையும் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்காமல், குழுவில் விடைகள் பரிமாறப்படுவதை மட்டும் வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள்.