கூரைச் சூரிய மின்சாரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் இரு மாதங்களுக்கு 700 யூனிட் வரை ஓடுகிறது. மாடியில் இடம் இருப்பதால் 5 கிலோவாட் பேனல் போடுங்கள் என்று விற்பனையாளர் வற்புறுத்துகிறார். எவ்வளவு போட்டால் போதும்?
– வாசகர், திருச்சி

பதில்: உங்கள் மாடியின் பரப்பைப் பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள், மின் கட்டணப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம்; மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 200 யூனிட் வரை குறைந்த விலையும் கிடைக்கிறது. ஆனால் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை விலை போய்விடுவதுடன், மேற்கொண்டு ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. 2024 ஜூலையில் மாற்றியமைக்கப்பட்ட விலைகளின்படி, 700 யூனிட்டுக்கு நீங்கள் 3,800 ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பீர்கள்.

நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். அப்படியானால் 2 கிலோவாட்டில் இரு மாதங்களுக்கு 480 யூனிட் கிடைக்கும். நெட் மீட்டர் (மின்வாரியத்திலிருந்து எடுக்கும் யூனிட்டிலிருந்து நீங்கள் கம்பிக்குத் தரும் யூனிட்டைக் கழித்துக் கணக்கிட உதவும் மீட்டர்) பொருத்தியபின், மின்வாரியத்திலிருந்து நீங்கள் நிகரமாக எடுப்பது 220 யூனிட் மட்டுமே. அதற்கான கட்டணம் 350 ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆண்டுக்கு மிச்சம் 20,000 ரூபாயைத் தாண்டும். (கூரைச் சூரிய மின்சாரத்துக்கென்று பட்டியலில் தனியாக ஏதேனும் கட்டணம் வருமானால் அதை நான் இங்கே சேர்க்கவில்லை, உங்கள் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.) 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில், முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம் உண்டு, 3 கிலோவாட்டுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000 ரூபாய்தான். உங்களுக்கு 2 கிலோவாட் அமைக்க 1,30,000 ரூபாய் ஆவதாக வைத்துக்கொண்டால், மானியம் போக மீதி 70,000 ரூபாயை மூன்றரை ஆண்டுகளில் மீட்டுவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் உற்பத்தி குறையும், பங்குனியில் கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

5 கிலோவாட் போட்டால் உங்கள் தேவையைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் உற்பத்தியாகும். மிகுதி யூனிட்டுகளை விற்று வருமானம் பார்க்கலாம் என்ற நம்பிக்கையில் பணத்தைக் கூரையில் முடக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: எங்களுக்கு இரு மாதங்களுக்கு 300 யூனிட்தான் ஆகிறது. உறவினர்கள் எல்லோரும் பேனல் போட்டுவிட்டார்கள். நாங்களும் கடன் வாங்கிப் போடலாமா?
– வாசகி, தென்காசி

பதில்: இப்போதைக்கு வேண்டாம், அம்மா. நீங்கள் கட்டும் தொகை ஏறத்தாழ 700 ரூபாய். ஓராண்டுக் கட்டணம் முழுவதும் மிச்சமானாலும் 4,200 ரூபாய்தான். 1 கிலோவாட்டுக்கு, மானியம் போக, 40,000 ரூபாய் போட்டாலே அது திரும்பிவர ஒன்பது, பத்து ஆண்டுகள் ஆகும். கடனுக்கு வட்டி வேறு. ஏசி வாங்கவோ, மின்சார ஸ்கூட்டருக்கு மாறவோ எண்ணமிருந்தால் அப்போது மறுபடியும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: கஜா புயலின்போது பல நாட்கள் மின்சாரமின்றித் தவித்தவர்கள் நாங்கள். அந்த அனுபவத்தால்தான் 3 கிலோவாட் பேனல் போட்டோம். ஆனால் நண்பகல் வெயிலிலும், தெருவில் மின்சாரம் போனால் எங்கள் வீட்டிலும் போய்விடுகிறது. ஏமாற்றப்பட்டோமா?
– வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: கருவியில் பழுது எதுவும் இல்லை; ஆனால் வாங்கும்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய செய்தியை யாரும் சொல்லவில்லை. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் மிகுதியான மனக்கசப்பு இதனால்தான் எழுகிறது. உங்களிடம் இருப்பது பேட்டரி இல்லாத, மின்வாரியக் கம்பியோடு இணைந்த ஆன் கிரிட் அமைப்பு. அதன் இன்வெர்ட்டர் (பேனல் தரும் மின்சாரத்தை வீட்டில் பயன்படுத்தும்படி மாற்றும் கருவி), கம்பியில் மின்சாரம் இல்லை என்று அறிந்த கணமே தானாக நின்றுவிடும்படி செய்யப்பட்டிருக்கிறது. அப்படி நிற்காவிட்டால் உங்கள் வீட்டில் உற்பத்தியாகும் மின்சாரம் தெருக் கம்பிக்குப் பாயும். மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்ற நம்பிக்கையில் கம்பத்தில் ஏறும் லைன்மேனின் உயிர் போய்விடும். புயலுக்குப் பிறகு உங்கள் ஊரில் சாய்ந்த கம்பங்களை நிமிர்த்தியவர்களை நினைத்துப் பார்த்தால், இந்தப் பாதுகாப்பு ஏன் தேவை என்பது உங்களுக்கே விளங்கும்.

மின்தடையின்போதும் விளக்கும் விசிறியும் ஓட வேண்டுமானால், பேட்டரியுடன் கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அதற்குச் செலவு கணிசமாகக் கூடும். சில மணி நேரத் தடைக்கு மட்டும் என்றால், வீடுகளில் வழக்கமாக வைத்திருக்கும் இன்வெர்ட்டரும் ஒரு பேட்டரியும் தனியாக இருப்பதே போதும்.

கேள்வி: பங்குனியில் நன்றாக உற்பத்தியானது, அக்னி நட்சத்திர வெயிலில் குறைந்துவிட்டது. வெயில் கூடினால் மின்சாரமும் கூட வேண்டாமா?
– வாசகி, மதுரை

பதில்: பேனலுக்கு வேண்டியது ஒளி, வெப்பம் அதற்குப் பகை. அதன் மேல் எழுதியிருக்கும் வாட் அளவு, பேனலின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. வைகாசி நண்பகலில் அது 60 டிகிரியைத் தாண்டும், டிகிரிக்கு 0.35 விழுக்காடு வீதம் குறைந்தாலே 12 விழுக்காடு போய்விடும்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது: படிக்கட்டு அறையும் அதன் மேலுள்ள தண்ணீர்த் தொட்டியும் பேனல்களுக்கு வடக்கே ஒட்டி நிற்கின்றன என்கிறீர்கள். தெற்கே நிழல் விழாமல் பார்த்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். மதுரையில் ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் இறுதி வரை உச்சிச் சூரியனே வடக்குப் பக்கம் இருக்கும்; காலையும் மாலையும் வடகிழக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வெயில் விழும். பேனல்கள் ஒன்றோடொன்று தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றின் மேல் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் பாதிக்கக்கூடும். காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் மாடிக்குச் சென்று நிழலைப் பாருங்கள். விழுந்தால், பேனல்களைச் சில அடி தெற்கே நகர்த்தச் சொல்லுங்கள். பேனல்களைக் கழுவ ஆழ்குழாய் உப்புத் தண்ணீரைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதையும் நிறுத்துங்கள். அதனால் படியும் வெண்படலம் எளிதில் போகாது.

கேள்வி: ஒப்பந்தம் போடுமுன் எவற்றை எழுதி வாங்க வேண்டும்?
– வாசகர், கோவை

பதில்: பேனல் உள்நாட்டுத் தயாரிப்பு என்பதை முதலில் எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் மானியம் கிடைக்காது. பேனலின் 25 ஆண்டு உத்தரவாதம் உற்பத்தித் திறனுக்கானது. இன்வெர்ட்டருக்கான உத்தரவாதம் அதைவிட மிகக் குறைந்த ஆண்டுகளுக்கே இருக்கும் என்பதால் அதைத் தனியாகக் கேளுங்கள். எர்த் குழிகள் எத்தனை, இடிதாங்கிக்குத் தனிக் குழி உண்டா என்பவையும் தாளில் இருக்க வேண்டும்.

கூரையைத் துளைப்பார்களா என்பதை நான் என் வீட்டில் கேட்காமல் விட்டேன். தளவோட்டைத் துளைத்துச் சட்டகத்தை முடுக்கினார்கள். அடுத்த மழையில் படுக்கையறைச் சுவர் ஊறியது. துளையிடாமல் கான்கிரீட் கட்டைகளில் சட்டகத்தை நிறுத்தலாம். அப்படிச் செய்தால் உங்கள் ஊர்க் காற்றுக்கு அந்த எடை போதுமா என்று கேளுங்கள். துளைத்தே தீர வேண்டுமென்றால், கசிவுக்கு ஐந்து ஆண்டுகளேனும் அவர்களே பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்கள். நெட் மீட்டர் பொருத்தப்பட்டு முதல் பட்டியல் கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.