கூரையை யார் எடுத்தது?

கேள்வி: இங்கிலாந்து போய் வந்தவர்கள் காட்டும் படங்களில் பழைய அபேக்கள் (கிறிஸ்தவத் துறவி மடங்கள்) பலவும் கூரையில்லாமல், புல்தரை நடுவே வெறும் சுவரும் வளைவுமாக நிற்கின்றன. குண்டு விழுந்ததா, இல்லை வயதாகி இடிந்ததா?

பதில்: இரண்டும் இல்லை, கழற்றி விற்றார்கள். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி ரோமில் இருக்கும் போப்புடன் உறவை முறித்துக்கொண்ட பிறகு, அவருடைய அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1535-இல் ஆளனுப்பி ஒவ்வொரு மடத்துக்கும் நிலம் எவ்வளவு, வரும்படி எவ்வளவு என்று கணக்கெடுத்தார். கணக்கு எடுத்தாலே அடுத்து என்ன வரும் என்று தெரியுமே. 1536-இல், ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்களை மூடச் சட்டம் வந்தது. பெரிய மடங்கள் அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாகத் 'தாமாகவே' தங்களை மன்னருக்கு எழுதிக் கொடுத்தன. 1540 மார்ச்சில் வால்தம் அபேயும் கையெழுத்துப் போட்டதோடு எல்லாம் முடிந்தது. கையெழுத்துப் போட்ட துறவிகளுக்கு ஓய்வூதியம் உண்டு. கிளாஸ்டன்பரியின் வயதான மடாதிபதி ரிச்சர்ட் வைட்டிங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை; 1539-இல் ஊருக்கு வெளியே குன்றின் மேல் ஏற்றித் தூக்கிலிட்டார்கள்.

சரி, நிலம் போனது, வெள்ளிப் பாத்திரங்கள் போயின, கட்டடத்தில் என்ன காசு இருக்கிறது? கூரையில் இருந்தது. பெரிய ஆலயங்களின் கூரைக்கு மேல் ஈயத் தகடு வேய்ந்திருப்பார்கள். அதை உரித்து, கூரை மரத்தையே விறகாக்கி, அங்கேயே உருக்கிக் கட்டிகளாக வார்த்து வண்டியேற்றினார்கள். ஈயம் போனால் மழைத் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும், சுண்ணாம்புச் சாந்து கரையும், விதானக் கல் ஒவ்வொன்றாக விழும். மிச்சத்தை அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டார்கள். செதுக்கித் தயாராக இருக்கும் கல்லை யார்தான் விட்டுவைப்பார்? யார்க்ஷயரில் ஃபவுன்டன்ஸ் அபேக்குப் பக்கத்திலேயே ஃபவுன்டன்ஸ் ஹால் என்று ஒரு அழகான மாளிகை இருக்கிறது. அதன் கல் எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் எனக்குப் பிடித்த கதை ரீவோ அபேயில் நடந்தது. அங்கே உருக்கி வைத்த ஈயக் கட்டிகளில் சில, மேற்குச் சுவர் இடிந்து விழுந்ததில் அடியில் மாட்டிக்கொண்டன. மன்னரின் முத்திரையோடு அப்படியே கிடந்து, 1920-களில் இடிபாடுகளை அகற்றியபோதுதான் வெளியே வந்தன. அந்தச் சமயம் யார்க் மின்ஸ்டர் பேராலயத்தின் 'ஐந்து சகோதரிகள்' ஜன்னலைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டு ஜன்னல், 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள், துண்டுக்குத் துண்டு ஈயத்தால் கோத்தது. ரீவோவின் ஈயத்தை அதற்கே கொடுத்துவிட்டார்கள். ஒரு மடத்தின் கூரை, கிட்டத்தட்ட 400 ஆண்டு மண்ணுக்குள் கிடந்துவிட்டு, இன்னொரு ஆலயத்தின் ஜன்னலாகியிருக்கிறது.

கேள்வி: போன இதழில் இங்கிலாந்து அபேக்களின் பட்டியலில் டின்டர்னையும் சேர்த்திருந்தீர்கள். அது வேல்ஸ் அல்லவா?

பதில்: ஆமாம், வேல்ஸ்தான். வை ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் இங்கிலாந்து, அந்தப் பக்கம் டின்டர்ன். ஆற்றைத் தாண்ட மறந்துவிட்டேன்.

கேள்வி: வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இப்போதும் துறவிகள் இருக்கிறார்களா? அது மட்டும் எப்படித் தப்பியது?

பதில்: துறவிகள் இல்லை. 1540-இல் மடம் கலைக்கப்பட்டது, பேராலயம் ஆனது, கத்தோலிக்கரான மேரி ராணி காலத்தில் துறவிகள் கொஞ்சநாள் திரும்ப வந்தார்கள், முதலாம் எலிசபெத் மறுபடி அனுப்பிவிட்டு 1560-இல் நேரடியாக அரசரின் பொறுப்பில் வைத்துவிட்டார். ஆக, பெயர்தான் அபே. 1066 முதல் முடிசூட்டு நடக்கும் இடம், மன்னர்களின் கல்லறைகள் உள்ள இடம். அதன் கூரையில் கைவைக்க ஹென்றிக்கே மனம் வந்திருக்காது என்பது என் ஊகம். ஒரு விஷயம்: எல்லோரும் படமெடுக்கும் அந்த மேற்குக் கோபுரங்கள் இரண்டும் இடைக்காலத்தவை அல்ல, நிக்கோலஸ் ஹாக்ஸ்மூரின் வடிவமைப்பில் 1745-இல் முடிந்தவை. பழசு வேண்டுமென்றால் உள்ளே போய், 1050-களில் செய்த ஓக் கதவு ஒன்று இருக்கிறது, அதைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: ஊரார் சேர்ந்து காப்பாற்றிய அபே ஏதாவது உண்டா?

பதில்: டியூக்ஸ்பரி. 'ஆலயத்தின் ஒரு பகுதி எங்கள் பங்கு ஆலயம், இடிக்க விடமாட்டோம்' என்று ஊர்க்காரர்கள் நின்றார்கள். மன்னர் தரப்பு கேட்டது 453 பவுண்டு. எப்படிப் போட்ட விலை தெரியுமா? மணிகளின் மதிப்பு, கூரை ஈயத்தின் மதிப்பு, அவ்வளவுதான். பணத்தைக் கட்டி முழு ஆலயத்தையும் வாங்கிவிட்டார்கள். அதன் நார்மன் கோபுரம் இன்றும் நிற்கிறது.

கேள்வி: அடுத்த மாதம் யார்க்ஷயர் போகிறேன். இடிபாடுகளில் எது சமையற்கட்டு, எது படுக்கையறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாம் ஒரே மாதிரி சுவராகத்தான் தெரிகிறது.

பதில்: முதலில் சதுரமான நடுமுற்றத்தைத் தேடுங்கள். சுற்றிலும் தாழ்வாரம் ஓடியிருக்கும். பெரும்பாலும் முற்றத்துக்கு வடக்கே ஆலயம் இருக்கும்; உயரமான கட்டடம் தெற்கே இருந்தால் வெயிலை மறைத்துவிடுமே. கிழக்கில் தினமும் கூடி விதிகளை வாசித்த மன்றம், அதன் மேல்மாடியில் படுக்கைக்கூடம். நள்ளிரவு தாண்டி எழுந்து ஜெபத்துக்குப் போக, படுக்கைக்கூடத்திலிருந்து ஆலயத்துக்குள்ளேயே இறங்கும் படிக்கட்டு இருக்கும். ஹெக்ஸம் அபேயில் அந்தப் படிகள் தேய்ந்த பள்ளத்தோடு அப்படியே இருக்கின்றன. தெற்கில் உணவுக்கூடமும் சமையற்கட்டும், அதையொட்டிக் குளிர்காயும் அறை. ஃபவுன்டன்ஸில் அந்த அறையின் பிரமாண்டமான அடுப்புகளைப் பார்த்தாலே அந்தக் குளிர் எப்படி இருந்திருக்கும் என்று புரியும். அங்கே ஓடும் ஸ்கெல் ஆற்றின் மேலேயே கட்டடத்தின் ஒரு பகுதியைக் கட்டியிருக்கிறார்கள், கழிவு நேராக ஆற்றோடு போய்விடும். அதே ஃபவுன்டன்ஸின் மேற்குப் பக்கத்தில் சுமார் 300 அடி நீளத்துக்கு ஒரு நிலவறை மாதிரியான கூடம், கம்பளியும் தானியமும் வைத்த இடம். நடுவில் ஒரே வரிசைத் தூண்கள், அவற்றிலிருந்து கல் நரம்புகள் தென்னங்கீற்று மாதிரி பிரிந்து போகும். அங்கே அவசரப்படாமல் நில்லுங்கள்.

ஆனால் இந்தத் திசைக் கணக்கை முழுசாக நம்ப வேண்டாம். ரீவோவில் பள்ளத்தாக்கு குறுகலானதால் ஆலயமே ஏறக்குறைய வடக்கு தெற்காகத் திரும்பி நிற்கிறது. தெற்கே குளோஸ்டர் பேராலயத்துக்குப் போனால் முற்றமே ஆலயத்துக்கு வடக்கில்தான். போனால் அந்தத் தாழ்வாரத்தை விட்டுவிடாதீர்கள், விசிறி போல விரியும் 14-ஆம் நூற்றாண்டுக் கல் விதானம். சாப்பிடப் போகுமுன் துறவிகள் கை கழுவிய நீளமான கல்தொட்டி அங்கே அப்படியே இருக்கிறது, எதிர்ச்சுவரில் துண்டு வைக்க ஒரு மாடம்கூட விட்டிருக்கிறார்கள். கட்டியவன் ஈரக்கையோடு நிற்கும் ஆளை நினைத்துப் பார்த்திருக்கிறான்.

கேள்வி: கன்னியர் மடம் ஏதாவது பார்க்கும்படி மிஞ்சியிருக்கிறதா?

பதில்: லேகாக் அபே. 13-ஆம் நூற்றாண்டில் சாலிஸ்பரி சீமாட்டி ஏலா தொடங்கியது. 1539-இல் மூடியபின் வில்லியம் ஷாரிங்டன் என்பவர் வாங்கி, ஆலயத்தை இடித்துவிட்டு, முற்றத்தையும் தாழ்வாரங்களையும் தன் வீட்டுக்குள் அப்படியே வைத்துக்கொண்டார், அதனால்தான் பிழைத்தது. இடித்த ஆலயத்தின் வடக்குச் சுவர்தான் இன்று வீட்டின் தெற்குச் சுவர். அந்தப் பக்கத்து ஜன்னல் ஒன்றைத்தான் 1835-இல் வீட்டுக்காரர் ஃபாக்ஸ் டால்பாட் தபால்தலை அளவு நெகட்டிவில் பிடித்தார். உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்பட நெகட்டிவ் அதுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் 200 கண்ணாடிச் சதுரங்களை எண்ண முடிந்தது என்று அவரே குறித்திருக்கிறார்.