கார் வந்துவிட்டது, அவர் இன்னும் வரவில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 39. கணவர், 2 பிள்ளைகள், மாமி என்று ஐந்து பேராக கனடாவில், ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். மகளுக்கு 13, மகனுக்கு 4. நான் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அவர் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில். மாமி ஊரிலிருந்து வந்து மூன்று வருடம்.

எங்கள் வீட்டில் எப்போதுமே ஓட்டம்தான். சனிக்கிழமை தமிழ் வகுப்பு, நீச்சல், ஞாயிற்றுக்கிழமை பரதம், யாராவது ஒருவருடைய பிறந்தநாள் விழா. கோடையிலும் இதே ஓட்டம்தான், ஆனால் அப்போது சிரித்துக்கொண்டு ஓடுவோம். நவம்பரில் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பினால், வீட்டின் முகமே மாறிவிடுகிறது.

சந்தோஷமே இல்லை என்று சொல்லமாட்டேன். முதல் ஸ்நோ விழுந்த அன்று மகன் ஒரு சட்டி நிறைய அள்ளிக்கொண்டு வந்து, "அப்பம்மாவுக்கு" என்று சொல்லி ஃப்ரீஸரில் வைத்தான். மீன் பொதிக்குப் பக்கத்தில் அது இன்னும் இருக்கிறது, எறிய விடுகிறான் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு தடிமன், காய்ச்சல், வயிற்றோட்டம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றுமாறி ஒன்று கொண்டு வருகிறான். டிசம்பரில் மட்டும் ஐந்து நாள் லீவு எடுத்தேன். எல்லாம் நான்தான், அவர் ஒரு நாள்கூட இல்லை.

அவர் காலை ஐந்தே முக்காலுக்கு வெளிக்கிட்டால், ஓவர்டைம் முடிந்து ஐந்தரைக்குத்தான் வருவார். வந்து காரை டிரைவ்வேயில் நிறுத்துவார். ஆனால் இறங்கமாட்டார். குசினி யன்னலால் எனக்குத் தெரியும். லைட்டை அணைத்துவிட்டு, போன் வெளிச்சம் முகத்தில் பட இருபது நிமிடம், சில நாள் அரை மணித்தியாலம் அப்படியே இருப்பார். உள்ளே மகன் "அப்பா வந்திட்டார்" என்று கதவடியில் நிற்பான். நான் ஒரு கையில் கரண்டி, மற்றக் கையில் மகளின் கணக்குக் கொப்பியோடு நிற்பேன். பிறகு உள்ளே வந்து, கோப்பை நிறையச் சோறு, அதற்குமேல் பாணும் ஜாமும் சாப்பிட்டுவிட்டு எட்டரைக்கே படுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிவரை நித்திரை. போன வருடமும் இப்படித்தான் இருந்தார். ஏப்ரலில் மிளகாய்க் கன்று, கத்தரிக் கன்று என்று யன்னலடியில் அடுக்கத் தொடங்கியதும் பழைய ஆளாகிவிட்டார்.

தைப்பொங்கலுக்கு கராஜ் வாசலில் அடுப்பு வைத்துப் பொங்கினோம். பால் பொங்கி வழிந்தபோது மாமி கை தட்டினா. அப்படி ஒரு நல்ல நாள். அன்று இரவு வீதி துப்புரவாக்கும் வண்டி போய், டிரைவ்வே வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஸ்நோவைக் குவித்துவிட்டது. "கொஞ்சம் தள்ளிவிடுங்கோ, விடியப் போகவேணும்" என்றேன். "எல்லாத்துக்கும் நான்தானா?" என்றார். அந்த வார்த்தை! எனக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. மூன்று கிழமையாக நாங்கள் நேரே கதைப்பதில்லை. மகள் ஊடாகத்தான். முந்தாநாள் அவள், "நான் என்ன வாட்ஸ்அப்பா?" என்று கேட்டுவிட்டு அறைக்கதவை அடித்துச் சாத்தினாள்.

மாமியும் நவம்பரிலிருந்து வாசல்படி தாண்டவில்லை. வழுக்கி விழுந்துவிடுவேனோ என்று பயம்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது அக்கா. செல்லடிக்குத் தப்பி பங்கருக்குள் இருந்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் இருந்துகொண்டு ஸ்நோவுக்கு அழுகிறோமே என்று இருக்கிறது. அவருக்கு எங்களைப் பிடிக்காமல் போய்விட்டதா? அல்லது எனக்குத்தான் பொறுமை போய்விட்டதா?

— ஒரு வாசகி, ஸ்கார்பரோ

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. கணக்காளர் அலுவலகத்தில் இருந்துகொண்டும் நீங்கள் கூட்டிப் பார்க்கவில்லை. டிசம்பர் நடுப்பகுதியில் ரொறன்ரோவில் சூரியன் உதிப்பது காலை ஏழே முக்கால் அளவில், மறைவது நாலே முக்காலுக்கும் முன்னால். உங்கள் கணவர் ஐந்தே முக்காலுக்குப் போய் ஐந்தரைக்கு வருகிறார். தொழிற்சாலைக்குள் யன்னல் இருக்குமா என்பதே சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை நித்திரை. அப்படியானால் ஒரு கிழமையில் அவர் முகத்தில் வெயில் பட்டது எத்தனை மணித்தியாலம்?

யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஒரு மணித்தியாலத்தைச் சற்றுத் தாண்டிய வித்தியாசம்தான். இங்கே ஜூனில் 15 மணித்தியாலத்துக்கு மேல் பகல், டிசம்பர் கடைசியில் 9 மணித்தியாலம்கூட இல்லை. பகல் இப்படிச் சுருங்கும் என்பதே தெரியாத ஊரில் வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் இந்தச் சோர்வுக்கு எங்களிடம் பெயர் இல்லை, "சோம்பல்", "மாறிவிட்டார்" என்று சொல்லிவிடுகிறோம்.

மருத்துவத்தில் இதற்குப் பெயர் உண்டு: பருவகால மனச்சோர்வு. நார்மன் ரோசென்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1984இல் இதை விவரித்து எழுதினார்கள். சாதாரண மனச்சோர்வில் பலருக்கு நித்திரையும் பசியும் குறையும். இதில் பெரும்பாலும் தலைகீழ். நித்திரை கூடும், சோறு, பாண், இனிப்பு என்று மனம் தேடும், ஆட்களோடு கதைக்கப் பிடிக்காது, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். வசந்தம் வந்தால் தானாக விலகும், அடுத்த நவம்பரில் திரும்ப வரும். பாணும் ஜாமும், எட்டரை மணி நித்திரை, ஏப்ரலில் மிளகாய்க் கன்று என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பிடிக்காமல் போன மனிதர் ஏப்ரலில் மட்டும் திரும்பி வரமாட்டார்.

ஆனாலும் ஒரு கடிதத்தை வைத்து இதுதான் நோய் என்று நான் எழுதினால் அது பிழை. குடும்ப மருத்துவரிடம் அவர் போகவேண்டும். தைரோயிட், இரும்புச்சத்து, பி12 குறைந்தாலும் இதே களைப்பு வரும், இரத்தத்தில் பார்த்துவிடலாம். வெளிச்சச் சிகிச்சை பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தரும், புற ஊதாக் கதிரை வடிகட்டிய பெட்டி ஒன்று. காலையில் அரை மணித்தியாலம் அதன் முன்னால் இருக்கவேண்டும். நேரே உற்றுப் பார்க்கத் தேவையில்லை, கண் திறந்திருந்தால் போதும். கண் நோய் உள்ளவர்களும், மனம் ஒரேயடியாக ஏறி இறங்கும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. பலர் இதை வாங்கி, மூன்று நாள் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லை" என்று பேஸ்மென்டில் போட்டுவிடுகிறார்கள். ஒன்றிரண்டு கிழமையாவது பொறுக்கவேண்டும். அவர் விடியத் தேத்தண்ணீர் குடிக்கும் இடத்திலேயே வைத்துவிட்டால், தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி, இல்லை, ஒருவேளை அவருக்குப் பிடிக்காத பகுதி. எல்லாவற்றையும் வெளிச்சத்தின் தலையில் போட நான் தயாரில்லை. டிசம்பரில் ஐந்து நாள் லீவும் நீங்கள் எடுத்தீர்கள். சரி, ஜூனில் மகனுக்குக் காய்ச்சல் வந்தால் யார் எடுக்கிறீர்கள்? பல் வைத்தியரிடம் நேரம் எடுப்பது, பிறந்தநாள் விழாவுக்குப் பரிசு வாங்குவது, தமிழ் வகுப்பு வீட்டுப்பாடம், இதெல்லாம் கோடையிலும் உங்கள் தலையில்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கோடையில் தாங்கக்கூடியதாக இருந்தது, அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு எட்டுப் பத்துத் தடவை தடிமன் வருவது வழமை, அதுவும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் வரும். அதை விபத்துப்போல ஒவ்வொரு முறையும் தனியாகச் சமாளிக்காமல், அடுத்த காய்ச்சலுக்கு யார் லீவு என்று இப்போதே பேசி வையுங்கள்.

"உதவி செய்யுங்கள்" என்று கேட்காதீர்கள். உதவி என்றால் வேலை உங்களுடையது என்று ஆகிவிடும். ஒன்றை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், சனிக்கிழமை தமிழ் வகுப்பு. பை, வீட்டுப்பாடம், கொண்டுபோய் விடுவது, கூட்டி வருவது எல்லாம் அவர். வகுப்பு நடக்கிற நேரம் காருக்குள் இருக்காமல் அந்தக் கட்டடத்தைச் சுற்றி நடந்தால், கிழமையில் ஒரு நாளாவது பகல் வெளிச்சம் கிடைக்கும். கொப்பியை மறந்துவிட்டுப் போவார். ஆசிரியை இரண்டு வார்த்தை சொல்லுவா. நீங்கள் ஓடிப்போய்க் கொடுக்கக்கூடாது, அதுதான் கஷ்டம்.

இந்தப் பேச்சை இரவு எட்டு மணிக்குத் தொடங்காதீர்கள். சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட பிறகு, யன்னல் பக்கமாக இருந்து கதையுங்கள். மகளைத் தூது விடுவதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். 13 வயதுப் பிள்ளை கேட்ட கேள்விக்கு உங்கள் இரண்டு பேரிடமும் பதில் இல்லை.

மாமியின் பயம் நியாயமானது, பனிக்கட்டியில் விழுந்தால் இடுப்பெலும்புதான் போகும். சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற முள்ளுப் பட்டி கடைகளில் கிடைக்கும். சேலையைச் சற்று உயர்த்திக் கட்டி பூட்ஸ் போட்டால் யாரும் சிரிக்கப்போவதில்லை, சிரித்தாலும் பரவாயில்லை. அதுவும் முடியாவிட்டால் மாலுக்குள் நடக்கலாம். விண்டரில் காலை நேரம் மாலுக்குள் சோடி சோடியாக நடக்கிற முதியவர்களைப் பார்த்திருப்பீர்கள். 50 வயது தாண்டியவர்கள் தினமும் 400 அலகு விட்டமின் டி எடுக்கவேண்டும் என்பது கனடா அரசின் பரிந்துரை. மாமி எடுக்கிறாவா என்று கேளுங்கள்.

பங்கர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வெட்கத்தை எங்கள் சனத்திடம் அடிக்கடி கேட்கிறேன். போரை அளவுகோலாக வைத்துக்கொண்டால், அதற்குக் கீழே எந்த வலியும் வலியாகத் தெரியாது. அதனால் மருத்துவரிடமும் போகமாட்டோம். பங்கருக்குள் பத்துப் பேர் ஒன்றாக இருந்தீர்கள் தங்கச்சி. இங்கே அவர் காருக்குள் தனியாக, நீங்கள் குசினிக்குள் தனியாக, மாமி அறைக்குள் தனியாக. இரண்டும் ஒரே மாதிரிக் கஷ்டம் இல்லை, ஒப்பிடவே தேவையில்லை.

அவர் எப்போதாவது "நான் இல்லாவிட்டால் நல்லது" என்ற மாதிரி ஏதும் சொன்னால், வசந்தம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு கனடாவில் எங்கிருந்தும் 24 மணித்தியாலமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். உங்களுக்கு அப்படித் தோன்றினாலும் அதே எண்தான்.

காருக்குள் இருக்கிற அந்த இருபது நிமிடத்தைப் பறிக்காதீர்கள். பத்தாகக் குறைக்கச் சொல்லுங்கள், அதே பத்து நிமிடம் உங்களுக்கும் வேண்டும் என்று கேளுங்கள். ஆனால் ஒரேயொரு நாள், இந்தக் கிழமையிலேயே, கார் வந்து நின்றதும் இரண்டு கோப்பை தேத்தண்ணீரோடு போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறி இருங்கள். பொங்கல் சண்டையை எடுக்கவேண்டாம். வாசலில் ஸ்நோ குவிந்திருந்தால் அன்று மகள் தள்ளட்டும். வாட்ஸ்அப் வேலையைவிட அதை விரும்புவாள்.

— அக்கா