டர்பன் ராப் மோதலில் 2–1 தீர்ப்பு ஏன் சண்டையில் முடிகிறது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் தமிழ் ராப் மோதல் நடத்தினோம்; இருவர் மாறி மாறிப் பாடி மோதும் போட்டி. மூன்று நடுவர், மூன்று சுற்று. இரண்டு நடுவர் ஒருவருக்கும், ஒரு நடுவர் மற்றவருக்கும் தந்த 2–1 தீர்ப்பைக் கூட்டம் ஏற்கவில்லை. எங்கே தப்பு?

பெரும்பாலும் கணக்கில்தான். ஒரு நடுவரின் மதிப்பெண் தாளில் மூன்று சுற்றும் 10–9, 10–9, 7–10 என்று வைத்துக்கொள்ளுங்கள்; முதல் எண் முதலாமவருக்கு. சுற்றுவாரியாக எண்ணினால் முதலாமவர் வெற்றி. கூட்டிப் பார்த்தால் 27–28, இரண்டாமவர்! இந்த ஒரு தாள் மாறினாலே 2–1 தீர்ப்பும் தலைகீழாகிவிடும். எந்த முறை என்பதை மேடையேறும் முன்பே அறிவித்துவிடுங்கள்.

அடுத்தது மொழி. டர்பனில் பல தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஆங்கிலம்தான். "ஆறு மாசம் ஆறு, அப்புறம் ஆறு தாண்டி வா" என்று ஒருவர் அடித்தால் எண், தணிவு, நதி மூன்றும் அதில் இருக்கின்றன. தமிழ் தெரியாத நடுவர் காதில் தாளம் மட்டுமே விழும். அது பாடியவருக்கு அநியாயம்.

ஒவ்வொரு சுற்றும் முடிந்தவுடனே தாளை வாங்கிவிடுங்கள். பின்னால் பாடுபவருக்குப் பதிலடி வசதி உண்டு, ஆகவே இரண்டாம் சுற்றில் வரிசையை மாற்றுங்கள். மூன்றாவதுக்கு நாணயம் சுண்டுங்கள்.